உப்பையும் மகனையும்

எங்கள் புத்தர் கோயில் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பலகை இருக்கிறது. மாதத்துக்கு ஒரு வாசகம் அதில் மாறும். மை தொட்டு எழுதுவது என் வீட்டுக்காரர் கென்யூ. கோயிலின் குரு அவர்தான். கையெழுத்து அத்தனை அழகு. அதைப் பார்த்துவிட்டு "குருவுக்கு என்ன ஞானம்!" என்று ஊரே உருகும். ஆனால் வாசகத்தைக் கொடுப்பது நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, முப்பத்திரண்டு வருஷமாக நான்தான். அவரைச் சொந்தமாக யோசிக்கச் சொன்னால் "எல்லோரும் அன்பாக இருப்போம்" என்று எழுதுவார். அதை எவன் நின்று படிப்பான்?

கொடுப்பது என்றால், நானும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. பொறுக்குகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த தேதியில் மாதாமாதம் கோயிலிலிருந்து வீட்டுக்குப் போய் சூத்திரம் ஓதுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மூட்டு போய்விட்டது, தரையில் மண்டியிட முடியாது. நானும் தீட்சை வாங்கியவள்தான். அதனால் அவருக்குப் பதில் நான் போகிறேன். ஓதி முடித்ததும் தேநீர் வரும், தேநீரோடு ஊறுகாய் வரும், ஊறுகாயோடு பேச்சு வரும். அந்தப் பேச்சில் பளிச்சென்று ஒன்று விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன்.

"அடுத்தவர் குறையைப் பார்க்க யாருக்கும் கண்ணாடி தேவைப்படுவதில்லை." இது மீன்கடை அம்மாள் சொன்னது. பலகையில் ஏறிய வாரமே மூன்று பேர் தங்களைத்தான் குத்துகிறோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று பேருமே நான் நினைத்துக்கூடப் பார்க்காதவர்கள். "எனக்குக் கோபமே இல்லை என்று கத்திச் சொன்னேன்." இது என் வீட்டுக்காரர் சொன்னது. தன்னுடையது என்று தெரியாமலே எழுதிக் கொடுத்தார், பாவம்.

பலகையில் பெரிய எழுத்தில் இரண்டு வரிதான் கொள்ளும். பேருந்தில் போகிறவன் ஜன்னல் வழியே படித்துவிட வேண்டும். அதனால் வெட்டுவேன். மனிதர்கள் பேசும்போது நல்லதைச் சொல்லிவிட்டு, கூடவே நாலு வார்த்தை இழுப்பார்கள். அந்த இழுவையை வெட்டினால்தான் வாசகம் நிற்கும். வெட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

கோயிலிலிருந்து நாற்பது அடி மேலே ஏறினால் ஹிசாயோ அக்கா வீடு. வயது எழுபத்தாறு. புருஷன் கணவாய் மீன் பிடிக்கிற படகுக்காரர், ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பதினெட்டாம் தேதி இறந்துபோனார். ஒரே மகன் மொதோகி. அவன் அப்பாவோடு படகு விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அவர் கத்த, சரி என்று கிளம்பியவன். அப்போது அவனுக்கு இருபத்து நாலு. பதிமூன்று வருஷம் ஓடிவிட்டது. அப்பா சாவுக்கும் வரவில்லை. தகவல் அனுப்ப விலாசமே இல்லை.

அக்காவுக்குக் கண் நடுவில் மங்கிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் தெரியும், எழுத்து தெரியாது. அவளுக்கு வருகிற கடுதாசிகளை மாதாமாதம் பதினெட்டாம் தேதி நான்தான் படித்துச் சொல்வேன். படுக்கையை உள்ளறையிலிருந்து வாசல் கதவை ஒட்டிய சின்ன அறைக்கு மாற்றியிருந்தாள். "குளிருமே அக்கா" என்று கேட்டால், "காது மந்தமாயிடுச்சு, இங்க படுத்தாத்தான் கதவு சத்தம் கேக்குது" என்பாள். யார் கதவைத் திறக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன ஆகஸ்ட் பதினெட்டு. ஓதி முடித்து உட்கார்ந்தோம். உப்பில் போட்ட முள்ளங்கியை ஒரு கிண்ணம் நிறைய வைத்தாள். அவளுக்கு உப்பு என்றால் உயிர். இருபது வருஷமாக வைத்தியர் கத்திக்கொண்டிருக்கிறார்.

"ரத்த அழுத்தம் எப்படி இருக்கு அக்கா?"

"போன வாரம் பாத்தாங்க. நல்லா எறங்கிடுச்சாம்."

"அட! என்ன பண்ணீங்க?"

அவள் ஒரு பெரிய முள்ளங்கித் துண்டை எடுத்து வாயில் போட்டு, கடகடவென்று கடித்துக்கொண்டே சொன்னாள்: "உப்பையும் மகனையும் விட்டுட்டேன் கோயிலம்மா. எல்லாம் சரியாயிடுச்சு."

நான் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் இன்னொரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். "ஊர்ல கேக்கறவங்ககிட்ட எல்லாம் இப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். நேத்துக்கூட காத்துல கதவு ஆடிச்சு, வாரிச் சுருட்டிட்டு எழுந்து ஓடினேன். கால் விரல்ல அடிபட்டதுதான் மிச்சம்" என்றாள். நான் விரலைப் பார்த்தேன். நகம் கறுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை எழுதிவைத்தேன். "உப்பையும் மகனையும் விட்டுவிட்டேன். ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது." என் வீட்டுக்காரர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார்.

"ஹிசாயோ அம்மா சொன்னதா?"

"ஆமாங்க."

"இவ்வளவுதான் சொன்னாங்களா?"

"அப்புறம் ஏதோ இழுத்தாங்க. அதெல்லாம் போட்டா பலகை கொள்ளாது."

"அத விட்டா இது வேற மாதிரி ஆயிடாதா சுமியே?"

"படிக்கறவங்க சிரிப்பாங்க, அப்புறம் பற்று விடறத பத்தி ரெண்டு நிமிஷம் யோசிப்பாங்க. உங்க பிரசங்கத்துல அது நடக்குதா?" என்றேன். அவர் எழுதிவிட்டார்.

செப்டம்பர் முதல் தேதி ஏற்றினோம். இத்தனை வருஷத்தில் எந்த வாசகத்துக்கும் இப்படிக் கூட்டம் வந்ததில்லை. வண்டியை நிறுத்திப் படம் பிடித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டார்கள். மீன்கடையில் யாரோ அக்காவிடமே படித்துக் காட்ட, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். "என் வாய்க்குக் கோயில்ல எடம் குடுத்துட்டீங்களே" என்று என்னிடமும் சொன்னாள். அக்டோபர் பிறந்தும் எனக்கு அதை இறக்க மனம் வரவில்லை. இன்னொரு மாதம் இருக்கட்டும் என்றேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒருநாள், மதியப் பேருந்திலிருந்து ஒருவன் இறங்கினான். நான் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். தொப்பி, மூக்குக் கண்ணாடி, வாயை மூடிய முகக்கவசம். கையில் ஒரு காகிதப் பை. நேராக மேட்டில் ஏறப் போனவன், பலகையைக் கடக்கும்போது நின்றான். படித்தான். மறுபடி படித்தான். நிற்கிறான், நிற்கிறான், அங்கேயே நிற்கிறான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. இன்னொரு ரசிகன் அகப்பட்டான் என்று நினைத்தேன். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். கண்ணாடியில் வெயில் அடிக்கிறதே, எழுத்து சரியாக விழுமா என்றுதான் எனக்குக் கவலை.

"கொஞ்சம் இந்தப் பக்கமா நின்னு எடுத்தீங்கன்னா நல்லா வரும்" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினான். "இது நிஜமா சொன்னதா?" என்று கேட்டான்.

நான் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டேன். வாசகங்களைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? "நிஜந்தாங்க. இந்த ஊர்ல ஒரு அம்மா சொன்னது. கற்பனை எல்லாம் கிடையாது" என்றேன்.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா நிம்மதியா இருக்காங்க. பாரத்த இறக்கி வெச்சா நிம்மதிதானே?"

பாரம் என்ற அந்த வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாசகத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவன் சற்று நேரம் மேட்டைப் பார்த்தான். பிறகு காகிதப் பையை என்னிடம் நீட்டினான். "ஒருத்தருக்காக வாங்கினேன். அவங்களுக்கு இது ஆகாதாம். கோயில்ல வெச்சிடுங்க" என்றான். மறுபடி வணங்கினான். வந்த பேருந்து கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் நிறுத்தத்தில் எங்கள் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்று, ஏறிப் போய்விட்டான்.

பையில் ஒசாக்காவின் பேர்போன உப்புக் கடற்பாசி. உயர்ந்த ரகம், மரப்பெட்டியில் வைத்தது. புத்தர் முன்னால் ஒருநாள் வைத்தோம். பிறகு நானும் என் வீட்டுக்காரரும் சோற்றில் போட்டு இரண்டு வாரம் சாப்பிட்டோம். அவர் கடைசித் துணுக்குவரை வழித்துத் தின்றார். மேல்தாளை நான் அன்றைக்கே கிழித்து அடுப்பு மூட்டினேன்.

டிசம்பர் பதினெட்டு. பனி விழத் தொடங்கியிருந்தது. ஓதி முடித்ததும் அக்கா வழக்கம்போல் கடுதாசிக் கட்டை என் பக்கம் தள்ளினாள். மின்சாரக் கட்டண ரசீது, நகராட்சி அறிவிப்பு, அதற்கடியில் ஒரு அஞ்சலட்டை. ஒசாக்கா முத்திரை. அனுப்பியவர் விலாசம் இல்லை. நான் வாய் திறந்து படிப்பதற்குள் கண் ஓடிவிட்டது.

"அம்மா, அக்டோபரில் ஊருக்கு வந்திருந்தேன். கோயில் பலகை வரை வந்தேன். அது உங்கள் பேச்சு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உப்பா மகனா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன் என்று சின்ன வயதில் என்னை அழவைப்பீர்களே. உப்பையே விட்டுவிட்டீர்கள் என்றால் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும். நிம்மதியாக இருப்பதாகக் கோயிலில் சொன்னார்கள். சந்தோஷம். அதைக் கெடுக்க இனி வரமாட்டேன். அப்பா போன செய்தி எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். என் பங்குக்கு அவருக்கு ஒரு ஊதுபத்தி ஏற்றுங்கள். மொதோகி."

"யாரு போட்டிருக்கா?" என்றாள் அக்கா.

"வீடு வீடா மருந்து வெச்சிட்டுப் போவாரே, அந்த மருந்துப் பெட்டிக்காரர். வருஷக் கடைசில வந்து பெட்டிய நிரப்பறாராம்" என்றேன். அட்டையை என் அங்கிக் கைக்குள் செருகிக்கொண்டேன். ஒரு அம்மாவின் கடுதாசியை அவள் முகத்துக்கு நேரே திருடினேன். அவளுக்கு நடுப் பார்வை இல்லாததால் அது சுலபமாக இருந்தது.

வீட்டில் அட்டையைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து போய்ப் பலகையில் இருந்ததைக் கழற்றி, மடித்து, அடுப்பில் போட்டார். அது டிசம்பர் வாசகம்தான், வேறு ஏதோ. ஆனாலும் கழற்றினார். ஒசாக்காவில் தெரிந்த கோயில்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினார். அத்தனை பெரிய ஊரில் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன தேடுவது? கடைப் பெயராவது கிடைத்திருக்கும், மேல்தாள் இருந்திருந்தால்.

"நீ போய்ச் சொல்லிடு" என்றார்.

"சொன்னா அவங்க தாங்குவாங்களா?"

"தாங்கறது அவங்க பாடு. மறைக்கறதுக்கு நமக்கு என்ன பாத்தியத இருக்கு?"

புத்தாண்டு போயிற்று. நான் சொல்லவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

ஜனவரி பதினெட்டு. அக்கா உற்சாகமாக இருந்தாள். நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்துபோனார்களாம். மலையோரம் புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறது, தனியாகக் கண் தெரியாமல் அடுப்பு மூட்ட வேண்டாம், வாருங்கள் என்று கூப்பிட்டார்களாம்.

"முடியாதுன்னுட்டேன்" என்றாள்.

"ஏன் அக்கா? நல்ல எடம். சூடா இருக்கும். சாப்பாடு குடுப்பாங்க."

"அவனுக்கு இந்தக் கதவுதானே தெரியும்? மலைக்கு மேல வந்து தேடுவானா? வெக்கப்படற பய. யார்கிட்டயும் வழிகூடக் கேக்க மாட்டான்."

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன ஆச்சு? குருவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அக்கா பதறினாள்.

மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகையில் பாதியை வெட்டியது. அவன் வந்தது, நின்றது. அட்டை வந்தது, நான் திருடியது. அட்டையை எடுத்து முழுதாகப் படித்தேன். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை. ஊதுபத்தி என்ற இடத்தில் என் குரல் உடைந்தது, அவள் "ம், மேல படிங்க" என்றாள்.

படித்து முடித்தபின்னும் நிமிர எனக்குத் துணிச்சல் இல்லை. அடிப்பாள், அட்டையைப் பிடுங்குவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். எதையாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இளைச்சிருந்தானா?" என்றாள்.

"தெரியல அக்கா. முகத்த மூடியிருந்தான்."

"கண்ணுமா தெரியல?"

"கண்ணாடி போட்டிருந்தான். நான்... நான் அவனப் பாக்கல அக்கா. பலகை படத்துல நல்லா விழுதான்னு பாத்துட்டிருந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். "கண்ணாடி போட்டுட்டானா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "கையில ஏதாவது கொண்டாந்தானா?"

"உப்புக் கடற்பாசி. ஒசாக்காவுது. மரப்பெட்டியில."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். ஆகாதாம்னு சொல்லிக் கோயில்ல குடுத்துட்டான். நாங்க தின்னுட்டோம் அக்கா."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். அவள் முகத்தில் சட்டென்று ஒரு பெருமை வந்து போனது. மகன் நல்ல சாமான் வாங்கத் தெரிந்தவனாக இருக்கிறான் என்ற பெருமை. அதைப் பார்ப்பதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

"உங்ககிட்ட பேசினானே, என்ன கேட்டான்?"

"'இது நிஜமா சொன்னதா'ன்னு கேட்டான்."

"அப்படி இல்ல. அவன் மாதிரிச் சொல்லுங்க. அவன் பேசினா கடைசியில குரல் எறங்கிடும், கெணத்துல கல்லு போட்ட மாதிரி. எறங்கிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் காதில் வாங்கியது என் வாசகத்துக்குக் கிடைத்த ஒரு கேள்வியை மட்டும்தான். ஆனால் காது எதையோ பிடித்து வைத்திருந்தது. ஆமாம், இறங்கியது. "சொன்னதா" என்பதன் முடிவு கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"எறங்கிச்சு அக்கா."

"அப்ப அப்படியே சொல்லுங்க."

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அறுபத்தொரு வயதில், ஒரு ஆண்பிள்ளையின் குரலை எடுத்துக்கொண்டு சொன்னேன். "இது நிஜமா சொன்னதா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. வாசல் கதவின் பக்கம் திரும்பினாள். கண்ணின் ஓரத்தால்தான் அவளுக்குப் பார்க்க முடியும், அதனால் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள்.

"இல்லடா. உங்கம்மா வாயி உனக்குத் தெரியாதா? சும்மா சொன்னேன்டா. குளிருது பாரு, உள்ள வா" என்றாள்.

கதவை ஒட்டிப் பனி விழுந்துகொண்டிருந்தது. அக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி கேளுங்க" என்றாள்.

கேட்டேன்.